ஐந்து எண்ணச் சொன்னவர்

யாரைப் பார்த்தாலும் முதலில் தட்டிப் பார்ப்பார். கையால் இல்லை, சின்னதாக ஒரு கேள்வியால். பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வியாபாரக் குடும்பம். அவருடைய அப்பா காயை விரலால் சுண்டிவிட்டு, சத்தத்தை வைத்தே எது முற்றல், எது அழுகல் என்று பிரித்துப் போடுவாராம். "எங்கப்பா காயத் தட்டுவாரு சார், நான் ஆளத் தட்டுவேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். என்னையும் தட்டினார். நான் என்ன சத்தம் கொடுத்தேன் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பெயர் வேண்டாம். எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் அவர் லேப் மேடம்தான். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், வாய்க்கால் கரையில் இருக்கிற கல்லூரி அது. அங்கே கணினி ஆய்வகத்தில் பதினொரு வருஷமாகத் தற்காலிக உதவியாளர். மாணவர்களுக்குக் கணினியைத் திறந்துவிடுவது, மௌஸ் திருடு போகாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. தமிழில் தட்டச்சு அவருக்கு மட்டுமே வரும் என்பதால் அலுவலகச் சுற்றறிக்கைகளையும் அவரே அடித்துக் கொடுப்பார். நான் பொருளாதாரம் நடத்துகிறவன். ஊரடங்கு வருகிறவரைக்கும் நான் அவரிடம் பேசியதெல்லாம் "பிரிண்டர் வேலை செய்யுதா மேடம்?" என்பது மட்டும்தான்.

ஊரடங்கு வந்து, வகுப்பெல்லாம் போனில் என்று ஆனபோது நிலைமை தலைகீழானது. முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் முழங்கியவர்கள் எல்லாரும் மைக் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவர் வாசலில் போய் நின்றோம். முதல்வர் அவரை இணையவழி வகுப்புகளுக்குப் பொறுப்பாளர் ஆக்கினார். சம்பளம் அதேதான், பொறுப்பு மட்டும் புதுசு.

சில மாதங்கள் கழித்து, மாணவர் வராவிட்டாலும் ஆசிரியர் கல்லூரிக்கு வந்து அங்கிருந்துதான் வகுப்பு எடுக்க வேண்டும் என்றார்கள். அப்படி ஒருநாள் நான் ஐம்பது நிமிஷம் வெளுத்து வாங்கிவிட்டு வெளியே வந்தேன். திரையில் அறுபது சின்னக் கட்டங்கள். மனசுக்குத் திருப்தி. வாசலில் அவர் நின்றிருந்தார். நீலப் பேனா காதோரத்தில் செருகியிருந்தது.

"எத்தன பேரு சார்?"

"அறுபது பேரும்மா. நம்ம கிளாசுக்குக் கூட்டத்துக்குக் கொறச்சலா?"

"யாரு இல்ல?"

வந்தவர்களை எண்ணித்தான் பழக்கம். வராதவர் யார் என்று கேட்டால் விழிக்க வேண்டியதுதான். அவர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் ஆறு பெயர்கள் இருந்தன. ஆறும் பச்சைமலைப் பிள்ளைகள்.

மலையிலிருந்து எங்கள் சமவெளிக்கு எப்படி வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். துறையூரில் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார், எங்கள் பழைய மாணவர். அவர் மலைக் கிராமங்களில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பழங்குடிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, எங்கள் விடுதியில் இடம் வாங்கிச் சேர்த்துவிடுவார். ஊரடங்கில் விடுதியைத் தொற்று முகாமுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு பேரும் மலையேறிப் போய்விட்டார்கள். அவர்கள் ஊரில் போன் மணி அடிக்கும். படம் ஓடாது. இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. 'படிப்புல அக்கறை இல்ல' என்று பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவர் எங்கள் ஒவ்வொருவரையும் மைதானத்தின் கடைசியில் இருக்கிற மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப்போனார். அங்கே டவர் ஒரு கோடுதான் காட்டும். கையில் ஒரு பழைய போனைக் கொடுத்து, "இதுல உங்க கிளாஸக் கேளுங்க சார்" என்றார். தாராளமயமாக்கல் பற்றி நான் அன்று பேசியதைக் கேட்டேன். "தாரா... யமா..." என்று இழுத்து, நடுவில் நின்று, பிறகு என் முகம் வாய் திறந்தபடி உறைந்து போனது. ஆங்கிலத் துறைக்காரருக்கு இன்னும் மோசம், மூக்கு மட்டும்தான் வந்தது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"இதத்தான் சார் அந்தப் புள்ளைங்க ஆறு மாசமாப் பாத்துட்டுருக்கு. ரீசார்ஜ் காசையும் தீத்துக்கிட்டு."

என் வயசுக்கு அப்படி வெட்கப்பட்டது அதுதான் கடைசி என்று அன்று நினைத்தேன்.

ஆங்கிலத் துறைக்காரர் அந்த மாசமே ஒரு வம்பில் மாட்டினார். பூங்கொடி என்கிற பெண், அந்த ஆறு பேரில் ஒருத்தி, அதிசயமாக ஒருநாள் வகுப்புக்குள் வந்துவிட்டாள். கேமராவைப் போடச் சொல்லி இவர் மூன்று முறை கேட்டார். அவள் போடவில்லை. "மொகத்தக் காட்ட முடியாதவங்க கிளாசுக்கு எதுக்கு வரணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவள் வெளியேறிவிட்டாள். மேடம் அவரைத் தேடிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"சார், யாரு வீட்டுக்காவது கதவத் தட்டாம உள்ள போவீங்களா?"

"என்னம்மா பேசுறீங்க? எதுக்கு?"

"கேமராவப் போடச் சொன்னா அதுதான் சார். ஒரே ரூம்பு வீடு. ஏழு பேரு. அந்தப் பொண்ணு அவங்க வீட்ட நமக்குத் தெறந்து காட்டணுமா?"

அவர் அன்று மாலையே அவளுக்குப் போன் செய்து, "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அதுவரை நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் மேடம் எங்களுக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தார். படம் வேண்டாம், குரல் போதும். ஐம்பது நிமிஷத்தை ஏழேழு நிமிஷத் துண்டுகளாக வெட்டுங்கள். எல்லாருக்கும் ஒரே பாடம்தான், ஆனால் ஒவ்வொரு துண்டையும் மலைப் பிள்ளைகளில் ஒருவர் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். அறுபது பேர் கேட்டாலும் பரவாயில்லை, முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் அந்த ஆறு பேர்தான் என்று நினைத்துப் பேசுங்கள். அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். பங்குச் சந்தையை உதாரணம் காட்டாதீர்கள், மலையில் மரவள்ளி இருக்கிறது, மாவு மில் இருக்கிறது, அதை வைத்துச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அவர்களையே கேளுங்கள்.

நடுவில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

"மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க சார். எண்ணி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. அந்த அஞ்சு உங்களோடது இல்ல, அவங்களோடது. அதுக்கப்புறம் 'ரொம்ப சரி, அடுத்ததுக்குப் போவோம்'னு சொல்லுங்க. அவங்க அங்க பதில் சொல்லிருப்பாங்கன்னு நம்பிச் சொல்லணும்."

சொல்வது சுலபம். வாத்தியாருக்கு ஐந்து எண்ணுகிற நேரம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் மூன்றிலேயே வாயைத் திறந்துவிடுவேன். ஆய்வகக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அவர் விரலை மடக்கிக் காட்டுவார். இரண்டு விரல் இன்னும் மடங்காமல் நிற்கும். "இன்னொரு தடவ சார். இந்தத் தடவ மலைக்குச் சொல்லுங்க." ஒரு பாடத்துக்கு எட்டு முறைகூடப் பதிவு செய்திருக்கிறோம்.

பதிவுகள் மெமரி கார்டில் ஏறும். கும்பகோணத்திலிருந்து வெற்றிலை ஏற்றிக்கொண்டு துறையூர் சந்தைக்குப் போகும் வண்டி ஒன்று உண்டு. காலியான சுண்ணாம்பு டப்பாவில் கார்டைப் போட்டு அந்த டிரைவரிடம் கொடுத்துவிடுவார். டிரைவர் துறையூர் ஆசிரியரிடம் சேர்ப்பார், அவர் பைக்கில் மலையேறுவார். பிள்ளைகள் பாடத்தைக் கேட்டு, கேள்விக்குப் பதிலைத் தங்கள் குரலிலேயே அதே கார்டில் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பதில்தான் வருகைப் பதிவு. பத்து நாளுக்கு ஒருமுறை டப்பா திரும்பி வரும். அன்று ஆசிரியர் அறையில் ஒரே கூட்டம். சுண்ணாம்பு வாசனையோடு அந்தக் குரல்கள் வரும், பின்னால் கோழி கத்தும்.

ஒரு பாடத்தில் நான் இப்படிக் கேட்டேன். "பூங்கொடி, ஒங்க ஊர்லேர்ந்து யார் யார் வேலைக்கு வெளியூர் போயிருக்காங்க? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்மா." அதற்கு அவள் அனுப்பிய பதில் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"சார், கேக்குது. எங்க தெருவுல பதினோரு வீடு சார். ஒம்போது வீடு இப்பப் பூட்டிக் கெடக்கு. எல்லாம் கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிருக்காங்க. எங்க அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்குது. நாங்க இருக்கோம் சார், நான் படிக்கிறதால அம்மா போகல."

புத்தகத்தில் இடப்பெயர்ச்சி என்று பதினாறு பக்கம் இருக்கிறது. இருபது வருஷமாக அதை நடத்துகிறேன். அந்தப் பதினாறு பக்கத்திலும் இல்லாதது அந்தக் கடைசி வரியில் இருந்தது. மேடம் அதை இரண்டாவது தடவை ஓடவிட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது நடிப்பு இல்லை. இன்றைக்கு எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அது நடிப்பு என்று சொல்ல என் வாய் வரவில்லை.

அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது. கொஞ்சம் பயமும் இருந்தது. என் பதிவுகளைக் கேட்டுக்கேட்டு ஒருநாள் சொன்னார்: "தெரியாத எடம் வந்தா நீங்க வேகமாப் போயிடுறீங்க சார். தெரிஞ்ச எடத்துல நின்னு பேசுறீங்க." முப்பது வருஷத்தில் என் மாணவர்கள் யாரும் கண்டுபிடிக்காதது அது. என் மனைவிகூடக் கண்டுபிடிக்கவில்லை. வேதியியல்காரர் பொய் சொல்லும்போது இருமுவார் என்றும், முதல்வர் ஒரு விஷயத்தை மறுக்க நினைத்தால் முதலில் டீ சொல்வார் என்றும் அவர் சொல்லித்தான் தெரியும். சொன்ன பிறகு பார்த்தால் சரியாக இருக்கும்.

எங்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு பலவீனத்தையும் அவர் கண்டுவைத்திருந்தார். அதுதான் சுற்றறிக்கை நோட்டு.

கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல்வர் அறையிலிருந்து எந்த அறிவிப்பு வந்தாலும் நீளமான நோட்டு ஒன்றில் ஒட்டி, அட்டெண்டர் வகுப்பு வகுப்பாக எடுத்துவருவார். நாம் பாதி வாக்கியத்தில் இருப்போம். வாக்கியத்தை நிறுத்தாமல், அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் தொடர்வோம். படிக்கிற வழக்கம் கிடையாது. படித்தால் அட்டெண்டர் வருத்தப்படுவார், "இன்னும் பதினேழு பேர் இருக்காங்க சார்" என்பார். விஷயம் என்னவென்று சாயங்காலம் டீக்கடையில் தெரிந்துகொள்வோம்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்" என்று மேடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்களும் தலையாட்டிக்கொண்டே இருப்போம். ஒருநாள் அவரே ஒரு சுற்றறிக்கை அடித்து அனுப்பினார். அட்டெண்டர் வழக்கம்போல் சுற்றி வந்தார். இருபத்திரண்டு பேரும் வழக்கம்போல் போட்டோம். மாலையில் அவர் நோட்டை எடுத்துவந்து, எல்லாரையும் கூப்பிட்டு, சத்தமாகப் படித்தார்.

"இந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர்கள் இதில் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கீழே இருபத்திரண்டு கையெழுத்து. என்னுடையது நாலாவது, பக்கத்தில் தேதியும் போட்டிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தோம். வேதியியல்காரருக்கு இருமல் வந்துவிட்டது. "மெத்தப் படிச்சவங்க சார் நீங்கல்லாம்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் எங்களைத் தட்டிப் பார்த்து முடித்தது அன்றைக்குத்தான். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கார்த்திகை மாதம், நல்ல மழை. சம்பா வயலெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. நான் பதிவுக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அட்டெண்டர் நனைந்த குடையோடு வந்து நோட்டை நீட்டினார். "லேப் மேடம் அடிச்சதுதான் சார், நம்ம ரெக்கார்டிங் விஷயமா" என்றார். அவர் அடித்தது என்றால் அப்புறம் என்ன யோசனை. போட்டேன்.

மாசக் கடைசியில் மேடம் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று நான் நினைத்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. அடுத்த வாரம் பாடங்கள் இருந்த இணையக் கோப்பைத் திறக்கப் போனால் பூட்டியிருக்கிறது. ஆய்வகக் கணினியில் தேடினால் ஒன்றும் இல்லை. நாங்கள் ஏழேழு நிமிஷமாகச் செதுக்கிச் செதுக்கிப் பேசிய நூற்றுக்கணக்கான பாடங்கள், எல்லாம் அவருடைய இயந்திரத்தில் பதிந்தவை. என் குரலில் ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை.

முதல்வரிடம் போனேன். அவர் டீ சொன்னார்.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்களே சார். நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க" என்று நோட்டைத் திருப்பி வைத்தார்.

அன்றுதான் அதைப் படித்தேன். சென்னையில் புதிதாகத் தொடங்கிய ஒரு கற்றல் செயலி நிறுவனம். பாட ஒலிப்பதிவுகளின் முழு உரிமையையும் அந்த நிறுவனத்துக்கு மாற்றித் தருவதில் கீழே கையெழுத்திட்டுள்ள ஆசிரியர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பாடங்களை ஆசிரியர்கள் வேறு வடிவில் பதிவு செய்வதோ, கார்டு முதலியவற்றில் நகல் எடுத்துக் கொடுப்பதோ கூடாது. நிறுவனத்தின் பாடப் பிரிவுக்குத் தலைமை ஏற்கப் போகிறவர் எங்கள் லேப் மேடம். நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. கீழே இருபத்திரண்டு கையெழுத்து. என்னுடையது நாலாவது.

கல்லூரிக்கு இதில் பெயர் வரும் என்று முதல்வர் நினைத்தார். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் எப்போதும் அப்படித்தான். ஆனால் கார்டில் நகல் எடுக்கக் கூடாது என்ற வரி எங்கிருந்து வந்தது? சென்னையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சுண்ணாம்பு டப்பாவைத் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஆள்தான். பாடத்தை விற்றதைக்கூட நான் மன்னித்திருப்பேன். அந்த வரியை மன்னிக்க என்னால் முடியவில்லை.

துறையூர் ஆசிரியர் போன் செய்தார். "சார், ரெண்டு வாரமா டப்பா வரலையே. புள்ளைங்க தெனம் கேக்குது." செயலியைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். "அந்த போன்ல அது எறங்கவே மாட்டேங்குது சார். எறங்குனாலும் டவர் எங்க இருக்கு" என்றார். போனை வைத்துவிட்டார்.

அந்த வாரமே வெற்றிலை வண்டிக்காரர் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மலையிலிருந்து வந்த கடைசி கார்டு. பூங்கொடியின் குரல். "சார், கேக்குது. போன பாடத்துக்கு பதில் இதுல இருக்கு. இன்னும் மூணு பேப்பர்தான் சார், முடிச்சுட்டா எங்க ஊர்லயே மொத டிகிரி நான்தான். அடுத்த டப்பா எப்ப வரும் சார்?"

மறுபடி பதிந்து அனுப்பியிருக்கலாம். என் பாடம், என் வாய். யார் தடுப்பது? வக்கீல் நோட்டீஸ் வரும் என்று முதல்வர் சொன்னார். ஓய்வு பெற எனக்கு மூன்று வருஷம் இருந்தது. நான் புத்தகங்களை மட்டும் வண்டியில் அனுப்பினேன், அச்சடித்த புத்தகத்துக்கு யாரும் நோட்டீஸ் விடமாட்டார்கள் என்கிற தைரியத்தில். பயந்தாங்கொள்ளித்தனம்தான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

ஆறு பேரில் மூன்று பேர் எப்படியோ தட்டுத் தடுமாறித் தேறினார்கள். இரண்டு பேருக்குச் சில பேப்பர் பாக்கி விழுந்தது. பூங்கொடி தேர்வுக்கே வரவில்லை. தை பிறந்ததும் அம்மாவையும் வீட்டில் இருந்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு மிளகு பறிக்கப் போய்விட்டாள் என்று துறையூர் ஆசிரியர் சொன்னார். பத்தாவது வீடும் பூட்டியாகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து மேடம் எங்கள் கல்லூரிக்கே வந்தார், செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்க. காரில் வந்திறங்கினார். காதோரத்தில் பேனா இல்லை. மற்றபடி அதே ஆள்தான், அதே சிரிப்பு. அட்டெண்டரிடம் அவர் மகள் பிரசவம் வரைக்கும் விசாரித்தார். பயிற்சி முடிந்ததும் நான் போய் நின்றேன். நேரே பார்த்தார்.

"கோவமா இருக்கீங்க சார்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா."

"சொன்னேனே சார். எழுத்துல சொன்னேன். கையெழுத்து ஒங்களோடது." குரலில் குத்தல் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "படிச்சுட்டுப் போடுங்கன்னு நான் சொல்லாத நாளு உண்டா?"

"நாங்க படிக்க மாட்டோம்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார்.

வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பதினோரு வருஷம் டெம்பரவரி சார். ஒவ்வொரு ஜூன்லயும் நாளைக்கு வேல இருக்கா இல்லையான்னு நிப்பேன். யாரு இல்லன்னு நான் கேட்டேன். என்னைப் பத்தி யாரு கேட்டா? எனக்கு யாரு அஞ்சு எண்ணுனா?"

அவர் சொன்னது உண்மை. நான் பிரிண்டரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் அவரைக் கைவிட்டது நாங்கள். அவர் கைவிட்டது எங்களை இல்லை.

"பூங்கொடி பரிட்சைக்கு வரல" என்றேன்.

"எந்த பேட்ச் சார்?" என்று கேட்டார்.

அந்தப் பெயரை மறக்கிற ஆள் இல்லை அவர். அட்டெண்டர் மகளுக்கு எத்தனையாவது மாசம் என்று நினைவிருக்கிறவர். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்தார். நான் திரும்பி நடந்தேன். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன மாசம், தம்பி மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏதோ அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள், "பெரியப்பா, இது ஒங்க கொரல் மாதிரியே இருக்கு" என்று சத்தத்தைக் கூட்டினாள்.

என் குரல்தான். மோட்டார் கொட்டகை வெட்கத்துக்குப் பிறகு, எட்டு முறை பதிந்து, மலைக்குச் சொன்ன அந்தக் குரல். பூங்கொடி என்று கூப்பிட்ட இடத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். வெட்டின தடமே தெரியவில்லை. "ஒங்க ஊர்லேர்ந்து யார் யார் வேலைக்கு வெளியூர் போயிருக்காங்க? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு அந்தக் குரல் நின்றது.

அந்த ஐந்தை வெட்டவில்லை. அதையும் சேர்த்தே விற்றிருக்கிறார்.

தம்பி மகள் பதில் சொல்லவில்லை. அவள் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் எண்ணினேன். மூன்று வந்ததும் என்னை அறியாமல் வாயைத் திறந்து, "பூங்கொடி" என்றேன்.

"ரொம்ப சரி" என்றது என் குரல். "அடுத்ததுக்குப் போவோம்."